நாலு மூலையிலும் மஞ்சள்

நான் பல்கலைக்கழகத்தில் சேரப்போன அன்று வேனில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி, பூக்கடைக்காரர். அவருக்குப் பக்கத்தில் அப்பா. பின்னால் இருக்கை கிடையாது. பூக்கூடைகள் அடுக்கும் இடத்தில் பாய் விரித்து அம்மா, தங்கை, நான். எங்களைச் சுற்றி என் சாமான்கள். வராதவன் அண்ணன்.

"பெரியவனுக்கு வேல. ஞாயித்துக்கெழம ஷிஃப்ட் மாத்த முடியல" என்று அம்மா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தான். பத்து நாள் இருக்கும்போது அவனே போய் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். ஏன் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ஆறாம் ஆண்டோடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறார், அவருக்கும் அதே ஆறாம் ஆண்டுதான். அண்ணன் படிவம் மூன்றில், பதினைந்து வயதில், படிப்பை நிறுத்திவிட்டான். நாங்கள் இருப்பது கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் உள்ள கிடங்கு ஒன்றில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பல்கலைக்கழகம் என்ற இடத்துக்குள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கால் வைத்ததில்லை. முதல் நாள் எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது, யாரிடம் என்ன பேசுவது என்று கேட்க ஆளில்லை.

ஆகவே நான் நோட்டுப் புத்தகம் போட்டேன்.

மூன்று வாரமாக அந்த நோட்டைத்தான் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வாளி, ஹேங்கர், போர்வை, எக்ஸ்டென்ஷன் வயர், பூட்டு என்று ஒரு பக்கம். அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனைப் பாரம், நீலப் பின்னணியில் படம் என்று ஒரு பக்கம். வாங்கியதற்கு ஒரு கோடு, சரிபார்த்ததற்கு இன்னொரு கோடு, மறுபடி சரிபார்த்ததற்கு மூன்றாவது கோடு. சாப்பிடும்போது ஏதாவது நினைவுக்கு வந்தால் இடது கையால் எழுதுவேன். உட்கார்ந்தால் கால் ஆடும். "மேச ஆடுது, தண்ணி குடிக்க முடியல" என்று தங்கை தட்டைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் போய்விடுவாள்.

"கப்பல் ஏறிப் போறவன்கூட இவ்ளோ எழுத மாட்டான்" என்றார் அப்பா. "நான் தாய்லாந்து பார்டர் வரைக்கும் ஓட்டியிருக்கேன். ஒரு துண்டு, ஒரு பிரஷ். அவ்ளோதான்."

"நீங்க திரும்பி வந்துட்டீங்கப்பா."

"நீ என்னா, வரமாட்டியா?"

கடைசிப் பக்கத்தில்தான் நேரங்கள். ஏழு மணி புறப்பாடு. எட்டேகால் போய்ச் சேர்தல். எட்டரை பதிவு. ஒன்பதரை சாவி. பத்தரைக்குள் சாமான்கள் மேலே. பதினொன்றுக்கு எல்லோரும் திரும்புதல். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அவர்கள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று நான் நினைத்தேன். இணையத்தில் சீனியர்கள் போட்டிருந்த காணொளிகளில் அப்பாக்கள் சட்டையை உள்ளே விட்டிருந்தார்கள். அம்மாக்கள் மெதுவாகப் பேசினார்கள். எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இவ்வளவு பதற்றத்துக்கும் நியாயமான காரணம் ஒன்று இருந்தது. விடுதி. சேர்க்கைக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குள் நேரில் பதிந்து சாவி வாங்காவிட்டால், அந்தக் கட்டில் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வருடம் விடுதியில் இடம் போதவில்லை, பட்டியல் நீளம். பல்கலைக்கழகம் இருப்பதோ காஜாங்கைத் தாண்டி. பண்டமாரானிலிருந்து பஸ், ரயில், மறுபடி பஸ் என்று ஒரு நாள் போய்ப் பார்த்தேன். போக மட்டும் இரண்டேமுக்கால் மணி நேரம். வெளியில் அறை எடுக்க முன்பணமே மூன்று மாத வாடகை கேட்டார்கள். கட்டில் இல்லையென்றால் படிப்பு இல்லை. இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா, "அதெல்லாம் கெடச்சிரும்" என்றார். அது என்னை இன்னும் பதற வைத்தது.

கடிதத்தை அச்செடுத்துத் தந்தவன் அண்ணன். கடை அச்சில் எழுத்து மங்கலாக வரும் என்று, என் கைப்பேசியில் இருந்த கடிதக் கோப்பை வாட்ஸ்அப்பில் தனக்கு அனுப்பச் சொல்லி, கிடங்கு அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியக்காவிடம் கேட்டு, தடித்த தாளில் வண்ணத்தில் எடுத்து வந்தான். மடங்கக்கூடாது என்று இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் சட்டைக்குள் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். மேலே முத்திரை, நடுவில் என் பெயர், கீழே வலது மூலையில் கறுப்புக் கட்டம், ஸ்கேன் செய்கிற குறி. அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நம்ம சரக்கு அடுக்குற பேலட்லயும் இதான் ஒட்டியிருக்கும். உன்னையும் ஸ்கேன் பண்ணித்தான் உள்ள எடுக்குறானுங்க" என்று சிரித்தான்.

அதற்கு அடுத்த வாரம் என் கைப்பேசி லோங்காங்கில் விழுந்து செத்தது. வீட்டு முன்னால் ஓடும் அந்தச் சாக்கடைக்குள் கைவிட்டு நானே எடுத்தேன். மாமா தன் பழைய கைப்பேசியை அதிலிருந்த பழைய நம்பரோடு கொடுத்தார். கடிதம்தான் தாளில் இருக்கிறதே என்று நான் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அண்ணனோடு சண்டை பூட்டால் வந்தது. சண்டை என்று சொல்லவும் முடியாது. நோட்டில் "பூட்டு" என்பதைப் பார்த்துவிட்டு அண்ணன் வாங்கி வந்தது கண்டெய்னருக்குப் போடும் பூட்டு. கனத்த பித்தளை, கொண்டி என் சுண்டுவிரல் பருமன். விடுதி அலமாரியின் வளையம் சின்னதாக இருக்கும், இது நுழையாது என்றேன்.

"நொழையலன்னா ட்ரில் எடுத்துட்டு வரேன் லா. ரெண்டு நிமிஷ வேல. ஓட்டைய பெருசாக்கிட்டா முடிஞ்சுது."

எனக்கு உடனே அந்தக் காட்சி தெரிந்தது. மற்ற மாணவர்கள் பெட்டி உருட்டிக்கொண்டு போகும் தாழ்வாரத்தில், இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, கிடங்குச் சட்டையோடு, ட்ரில் சத்தத்தையும் மீறிக் கத்திப் பேசிக்கொண்டு அண்ணன்.

"நீ வர வேணாம்ணே" என்றேன். "வேன்ல எடமில்ல. அங்க ஆள் அதிகமா இருந்தா ஒரு மாதிரி பாப்பாங்க."

அவன் பூட்டைத் திறந்து மூடினான். இன்னொரு தடவை திறந்து மூடினான். "சரி" என்றான். பூட்டை வாளிக்குள் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். மறுநாளே லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு அந்தப் பத்து நாளும் சோற்றுக்கு, தண்ணீருக்கு, மோட்டார் சாவிக்கு என்று பேசினோமே தவிர, போகிற பயணத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லாம் தயார். ஃபைலைக் கடைசியாக ஒரு முறை திறந்து, கடிதத்தைப் பார்த்து, பாரங்களை எண்ணி, மூடி, சாமி மேடைக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வைக்கச் சொன்னது அம்மா. "சாமி காலடியில இருந்துட்டு வரட்டும்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அண்ணன் அதற்குள் வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

குளித்துவிட்டு வந்தபோது வாளியின் விளிம்பில் மஞ்சள். தலையணை உறையின் மூலையில் மஞ்சள். பெட்டியின் கைப்பிடியில் மஞ்சள், அதன் மேல் குங்குமம். எங்கள் வீட்டில் எந்தப் புதுப்பொருளும் மஞ்சள் வைக்காமல் புழக்கத்துக்கு வராது. புதுச்சட்டையின் காலர் உள்பக்கம், புதுக் கைப்பேசியின் பின்பக்கம், அப்பா லோரி மாற்றும்போதெல்லாம் ஸ்டீயரிங்கின் நடுவில். எக்ஸ்டென்ஷன் வயரில்கூட வைத்திருந்தார். "ப்ளக்குள்ள வைக்கலல்லம்மா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதா?" என்றார். ஃபைல் மூடித்தான் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு தடவை திறந்து பார்த்த ஃபைலை அந்த ஒரு தடவை திறக்கவில்லை.

ஏழு மணிக்கு வேன் வரவில்லை. ஏழு இருபதுக்கு வரவில்லை. மாமா பிரிக்ஃபீல்ட்ஸில் மாலைக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு என்றால் கல்யாணம். நான் வாசலுக்கும் உள்ளேயும் நடந்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்குச் சந்து முனையில் திரும்பியது வேன். கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை வந்து முகத்தில் மோதியது. உள்ளே தரையெல்லாம் ரோஜா இதழ். ஒரு ஓரத்தில் ஈரத்துணி போட்டு மூடிய பெட்டி.

"இது என்னா மாமா?"

"மாப்ள பொண்ணு மால. கிள்ளான்ல ஒரு மண்டபம். போற வழிதான். எறக்கிட்டுப் போயிருவோம், அஞ்சு நிமிஷம்."

"மாமா, ஒரு மணிக்குள்ள போகணும்."

"ஒரு மணிக்கு நீ பட்டமே வாங்கிருவ லா. ஏறு."

ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. மண்டபத்து ஆள், பெண் மாலையில் ஒரு சரம் குறைகிறது என்று சொல்ல, மாமா வாகன நிறுத்துமிடத்திலேயே குந்தி உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார். அம்மாவும் இறங்கிப் பூ எடுத்துக் கொடுத்தார். அப்பா அங்கே யாரோ ஒரு லோரிக்காரரைக் கண்டுபிடித்துப் பால் சேர்க்காத தே ஓ குடிக்கப் போய்விட்டார். நான் வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். நோட்டில் ஏழு மணி என்பதை அடித்து ஒன்பது என்று எழுதினேன். அதற்குக் கீழே எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் தள்ளினேன். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம் நோட்டு" என்றாள்.

நெடுஞ்சாலையில் நெரிசல். எல்லா வண்டியிலும் கண்ணாடிக்குப் பின்னால் தலையணை தெரிந்தது; எல்லோரும் பிள்ளைகளைக் கொண்டுவிடப் போகிறவர்கள். அந்தத் தலையணைகளை எண்ணினேன். இவர்களில் எத்தனை பேர் பட்டியலில் எனக்கு அடுத்தவர்கள் என்று நினைத்தேன். மாமா இடது தடத்திலேயே போனார். பூ வண்டி ஓட்டுகிறவர் கையில் வேகம் இருக்காது. "பூ இப்ப இல்ல மாமா, எறக்கியாச்சு" என்றேன். "பழக்கம் லா" என்றார்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பதிவு நடந்த மண்டபம் பெரியது. கயிறு கட்டி வளைந்து வளைந்து வரிசை. பெற்றோருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காருங்கள் என்று நால்வரையும் கெஞ்சினேன். மாமா வேனைப் பார்க்கப் போனார். தங்கை உட்கார்ந்தாள். அம்மாவும் அப்பாவும் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான் நகர நகரக் கூடவே நகர்ந்து வந்தார்கள். அம்மா கயிற்றைத் தாண்டிப் புளிச்சோற்றை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். "ரெண்டு வாய்" என்றார். முன்னால் நின்ற சீனப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் வாசனைக்குச் சிரித்தானா, எங்களைப் பார்த்துச் சிரித்தானா என்று வெகுநேரம் யோசித்தேன்.

பதினொன்றரைக்கு என் முறை. மேசைக்குப் பின்னால் முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஃபைலைத் திறந்து கடிதத்தை நீட்டினேன்.

நான்கு மூலையிலும் மஞ்சள். நன்றாகக் குழைத்து, விரலால் அழுத்தி வைத்த மஞ்சள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமப் பொட்டு. கீழே வலது மூலையில் அந்தக் கறுப்புக் கட்டத்தின் மேல் இருந்தது மற்ற மூன்றையும்விடப் பெரிது.

அவர் கருவியை வைத்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை. தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு தாளைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். "குன்யிட்?" என்றார். மஞ்சளா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

அதற்குள் அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டார். "என்னா, மஞ்சளா? தொடச்சிட்டா போச்சு." சேலைத் தலைப்பைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்தார். அந்தப் பெண் "ஜாங்ஙான், ஆன்ட்டி" என்று கையை நீட்டித் தடுப்பதற்குள் துடைத்துவிட்டார். மஞ்சள் போனது. அதோடு மையும் போனது. கறுப்புக் கட்டம் இருந்த இடத்தில் பழைய காயம்போல ஒரு கருநீலத் தடம்.

அம்மா தலைப்பைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "கலர்ல அடிச்சா நிக்காதா?" என்றார்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார். குறியை ஸ்கேன் செய்தால்தான் பதிவாகும். இல்லையென்றால் அடுத்த கட்டடத்தில் பெயரைக் கையால் தேடிப் பதிகிறார்கள். அங்கே வரிசை மாலைவரை போகும். கோப்பாக வைத்திருந்தால் கைப்பேசியில் காட்டினாலே போதும். ஓரமாக நின்று எடுத்துக்கொண்டு வா, வரிசையில் மறுபடி நிற்க வேண்டாம் என்றார்.

ஓரமாக நின்றேன். இணையதளத்தைத் திறந்தேன். அன்று அத்தனை மாணவர்களும் அதைத்தான் திறந்துகொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. மறுபடி திறந்தேன். மறுபடி வட்டம். மாமாவின் பழைய கைப்பேசி கையில் சுட்டது. கோப்பு இருந்த என் கைப்பேசி லோங்காங் தண்ணீர் குடித்துச் செத்தது. உலகத்தில் அந்தக் கோப்பு மிச்சமிருந்தது ஒரே இடத்தில், அண்ணனின் வாட்ஸ்அப்பில்.

கூப்பிட்டேன். அடித்தது, அடித்தது, நின்றது. எனக்குத் தெரியும். கிடங்கில் தளத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் லாக்கரில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு ஷிஃப்டில் அவனுக்குச் சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணி. நான் வர வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கைப்பேசி இப்போது என் பக்கத்தில், அவன் சட்டைப்பையில் இருந்திருக்கும்.

பதினொன்று ஐம்பது. மறுபடி கூப்பிட்டேன். அம்மா ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நனைந்த தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

"யாரக் கூப்புடுற?" என்றார் அப்பா.

சொன்னேன். கோப்பு, லாக்கர், ஒன்றரை மணி எல்லாம் சொன்னேன். அப்பா தன் கைப்பேசியை எடுத்து வாய்க்கு நேராகப் படுக்கை வாட்டில் பிடித்தார். அப்பா தட்டெழுத மாட்டார். லோரிக்காரர்கள் குழுவில் எல்லாமே குரல் செய்திதான். எந்த கேட்டில் வரிசை, எந்த டோலில் போலீஸ், எங்கே கறி நன்றாக இருக்கிறது, எல்லாம். சாப்பாட்டு மேசையில் அவர் அதைப் போட்டுக் கேட்கும்போது நான் எழுந்து போய்விடுவேன். இப்போது அந்த மண்டபத்தின் நடுவில், துறைமுகத்தில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். யாராச்சும் இப்ப நம்ம பெரிய பையன் வேல செய்ற வேர்ஹவுஸ்ல நிக்கிறீங்களா? நீல கேட்டு. அவசரம். யாரா இருந்தாலும் சொல்லுங்க."

பக்கத்து நாற்காலிகள் திரும்பின. பதில்கள் வர ஆரம்பித்தன. அவற்றையும் அப்பா முழுச் சத்தத்தில்தான் போட்டார்.

"நான் டோல்ல மாட்டிக்கிட்டேன்ணே."

"அண்ணே, இன்னிக்குச் சின்னவன் யுனிவர்சிட்டிக்குப் போறான்ல? விருந்து எப்ப?"

"அவசரம்ங்கிறாரு, இவன் விருந்து கேக்குறான். வைடா."

பிறகு, பின்னால் எஞ்சின் இரைச்சலோடு ஒரு குரல்: "அண்ணே, நான் அங்கதான் நாலாம் லோடிங் பேல நிக்கிறேன். ஒங்க பையன்தான் எனக்குச் சரக்கு எறக்கிட்டிருக்கான். என்னா சொல்லணும்?"

அப்பா கைப்பேசியை என் வாய்க்கு நேராக நீட்டினார். "நீயே சொல்லு. எனக்குப் பேரெல்லாம் தெரியாது."

மண்டபமே கேட்கிற மாதிரிதான் எனக்கும் குரல் வந்தது. "அங்கிள், நான் சின்னவன் பேசுறேன். அண்ணன்கிட்ட சொல்லுங்க. அவன் அச்செடுத்த ஆஃபர் லெட்டர், அவன் வாட்ஸ்அப்ல இருக்கு. அத மாமாவோட பழைய நம்பருக்கு அனுப்பணும். ஒரு மணிக்குள்ள. இல்லன்னா கட்டில் போயிரும்." விரலை எடுக்கப் போனவன் மறுபடி அழுத்தினேன். "நான்தான் கேட்டேன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு அடித்துவிட்டது. அந்த லோரிக்காரர் கேட்டாரா, கேட்டும் சொன்னாரா, சொன்னதும் அண்ணன் என்ன செய்தான், ஒன்றும் தெரியவில்லை. நான் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தேன். தங்கை எழுந்து வந்து என் கூடவே நடந்தாள். "அண்ணே, ஒக்காரேன்" என்றாள். "நீ ஒக்காரு" என்றேன். இரண்டு பேரும் நடந்தோம். அவனுக்கு வேண்டுமென்றே தாமதிக்கக்கூட உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். நானாக இருந்தால் தாமதித்திருப்பேனோ என்னவோ.

பன்னிரண்டு பதினாறுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. கோப்பு. அதற்குக் கீழே அண்ணனின் ஒரு வரி: "கீ வாங்கிட்டு போட்டோ அனுப்பு."

மேசைக்கு ஓடினேன். அந்தப் பெண் கருவியைத் திரைக்கு நேராக வைத்தார். டிக் என்றது. அலுவலகத்தில் வைக்க ஒரு நல்ல அச்சு நகல் மட்டும் வேண்டும் என்றார். மூலையில் இருந்த நகல் கடையில் ஐம்பது சென் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு விடுதி மேசையில் சாவி. நான்காம் மாடி, பி கட்டில். அம்மா சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். மஞ்சள் டப்பாவைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எடுக்கவில்லை.

லிப்ட் இல்லை. நான்கு மாடியும் ஏறி இறங்கி, மூன்று மணிக்கு எல்லாம் மேலே வந்துவிட்டது. அறைத் தோழன் அதே சீனப் பையன். அவன் பெற்றோர் மெத்தையைத் தூக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா அவன் அப்பாவிடம் தனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் லோரியைப் பற்றிப் பேசிக்கொண்டு தூக்கினார். மிச்சமிருந்த புளிச்சோற்றை அந்தப் பையன்தான் தின்று தீர்த்தான். பூட்டை எடுத்து அலமாரி வளையத்தில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. அம்மாவும் மற்றவர்களும் கிளம்பும்போது மணி ஐந்து. பதினொன்று என்று எழுதியிருந்த பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

சாவியைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "பூட்டு நொழையலண்ணே. ட்ரில் எடுத்துட்டு வா" என்று எழுதினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதில் வந்தது. "லீவு கேக்க முடியாது இப்ப. சின்னப் பூட்டு வாங்கிக்கோ."

அவன் இன்னும் கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, புது மோட்டாருக்குக் கடன் கேட்டு இணையத்தில் ஒரு பாரம் நிரப்ப வேண்டும், நீ செய்து கொடு என்றான். மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை அனுப்பினான். வரவு அலவன்ஸ் என்று ஒரு வரி; ஒரு நாளும் தவறாமல், ஒரு எச்சரிக்கையும் வாங்காமல் வேலை செய்தால் மாதாமாதம் தருவது. முதல் மாதம் நூற்றைம்பது ரிங்கிட். கடைசி மாதம் நூற்றைம்பது. நடு மாதத்தில் சுழியம்.

"இது என்னாண்ணே?"

எட்டிப் பார்த்தான். "ம்ம். அன்னிக்குத்தான். பேலட்ட மேலயே தூக்கி வச்சிட்டு எறங்கி ஓடிட்டேன். எஞ்சின்கூட ஆஃப் பண்ணல. ஃபோர்க்லிஃப்ட அப்பிடி விட்டுட்டுப் போகக் கூடாது, ரூல் அது. போனையும் தளத்துக்குள்ள எடுத்துட்டு வந்துட்டேன், உள்ளதான் லைன் கெடைக்கும். சூப்பர்வைசர் பாத்துட்டாரு. வார்னிங் லெட்டர் குடுத்துட்டாரு."

"சொல்லவே இல்ல."

"சொன்னா? நீ நோட்டுல எழுதுவ." என் தலையில் தட்டினான். "அடுத்த வரிய நெரப்பு. மோட்டார் கட மூடிருவான்."

நிரப்பினேன். அடுப்படியில் அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முறுக்குப் பிழிந்துகொண்டே அந்த நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சள் வைத்த இடம் வந்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். "நான் செஞ்ச தப்புக்கு ஆன செலவு அம்பது காசு, அவ்ளோதான்" என்று அம்மா முடித்தார். அண்ணன் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று விரலை உதட்டில் வைத்தான்.

இன்றுவரை சொல்லவில்லை. உண்மைச் செலவு நூற்றைம்பது ரிங்கிட் ஐம்பது சென்.